முதல் கண்ணின் ஒற்றைப் படம்

"பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்."

நீதிமன்றத்தில் நான் சொன்னதில் எடுபட்டது இந்த இரண்டு சொல்தான். தீர்ப்பில் மாஜிஸ்திரேட் அதை என் பெயரோடும் பட்டத்தோடும் சேர்த்து எழுதியிருந்தார். கண் சிகிச்சைக் கருவியை வடிவமைத்த ஒளியியல் நிபுணர் முனைவர் சிதம்பரதாணு அவர்களின் சாட்சியப்படி, எதிரி, அதாவது வண்டி ஓட்டியவர், பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த இரண்டு சொல்லுக்கு மினிபஸ் டிரைவர் பரமார்த்தலிங்கத்துக்குக் கிடைத்தது இரண்டு வருடம். சைக்கிளில் சாலையைக் கடக்கையில் அவர் பஸ்ஸில் அடிபட்ட தங்கப்பழம் என்ற பெரியவர் செத்தது செத்ததுதான்.

தீர்ப்பு வந்து ஆறு வாரம் கழித்து நான் லிங்கத்தின் வீட்டுக்குப் போனேன். ஜாமீனில் இருந்தார். நல்ல மனிதன் என்று யாரும் என்னை நினைத்துவிட வேண்டாம். அடுத்த வியாழக்கிழமை அப்பீல். அதற்குள் நாலு பேருக்குத் தெரியாமல் ஒரு மன்னிப்பைக் கேட்டுவிட்டு வந்தால் ராத்திரி தூக்கம் வரும் என்ற சுயநலம்தான். காரைத் தெருமுனையிலேயே நிறுத்தச் சொன்னேன். இரண்டு வருடமாக நானே ஓட்டுவதில்லை. ஆபீஸில் முதுகுவலி என்று சொல்லி வைத்திருந்தேன்.

வீட்டு எண்ணைச் சுவரில் முழ நீளத்துக்கு எழுதியிருந்தார்களாம். நான் அதைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, ஒரு வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவரிடம் "வணக்கம் லிங்கம்" என்றேன்.

"லிங்கமா? அந்தா எதுத்தாப்புல நிக்கான்லா" என்றார் அவர்.

எதிர்வீட்டு வாசலில் லுங்கி கட்டிய ஒரு ஆளும், முந்தானையில் கை துடைத்தபடி ஒரு பெண்ணும் நின்றிருந்தார்கள். பக்கத்தில் போன பிறகுதான், பேப்பரில் படம் பார்த்திருந்த லிங்கம் என்று அடையாளம் தெரிந்தது. கூட நின்றது அவர் மனைவி பூங்கனி. "உள்ள வாங்க சார்" என்றார். குரலில் மரியாதை இருந்தது, வரவேற்பு இல்லை. எப்படி இருக்கும்?

பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்காரவைத்தார்கள். லிங்கம் உட்காரவில்லை. சுவரோடு ஒட்டி, கைகளைக் கட்டிக்கொண்டு, தப்புச் செய்த ஆள் மாதிரி நின்றார். தப்புச் செய்தவன் நாற்காலியில் இருந்தேன்.

"லிங்கம், எங்க இலவசக் கண் கேம்ப்ல உங்க கண்ணுக்கு ரெண்டு படம் எடுத்திருக்கணும். பதிவேட்டுக் கணக்குல ஒண்ணுதான் இருக்கு" என்றேன்.

"எங்களுக்கு வெளங்குத மாதிரி சொல்லுங்க சார்" என்றார் பூங்கனி.

விளங்குகிற மாதிரி சொல்வதில் எனக்கு ஈடு கிடையாது. எத்தனை மேடை ஏறியிருக்கிறேன். "கண்ணுக்குள்ள ஒரு புள்ளி வெளிச்சத்தை அனுப்புவோம். அது உள்ள பட்டுத் திரும்பி வரும். கண்ணோட முன்பக்கம் நெளிஞ்சிருந்தா வெளிச்சமும் நெளிஞ்சுதான் வரும். அந்த நெளிவை நேரா அளக்கிற கருவி கோடிக்கணக்குல விலை. நாங்க அது இல்லாமலே சமாளிச்சோம். சாதா கேமராவுல படம் எடுத்து, புள்ளி எங்க பளிச்சுனு இருக்கு, எங்க மங்கியிருக்குன்னு பாத்து, அதை வச்சே நெளிவைக் கணக்குப் போட்டுருவோம். போட்ட கையோட அதே மிஷின் நாப்பது விநாடியில கண்ணைச் செதுக்கிச் சரி பண்ணிரும்."

"அதுக்கு என்னத்துக்கு ரெண்டு படம்?"

அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் அடுக்கியிருந்தன. நெளிந்த ஒன்றை எடுத்தேன். "இந்தத் தட்டை நேர் மேல இருந்து ஒரு போட்டோ எடுக்கோம்னு வைங்க. நெளிவு தெரியும். எவ்வளவு பெரிசுன்னுகூடச் சொல்லிரலாம். ஆனா அது குழியா, மேடான்னு ஒத்தைப் படத்தை வச்சு யாராலயும் சொல்ல முடியாது. அதனால ரெண்டாவது படத்தை வேணும்னே ஃபோகஸ் தள்ளி, கலங்கலா எடுப்போம். கலங்கல் கூடியிருக்கா, குறைஞ்சிருக்கான்னு ரெண்டையும் ஒப்பிட்டா குழியா மேடான்னு தெரிஞ்சிரும்."

"இவுகளுக்கு அந்தக் கலங்கல் படம் எடுக்கல."

"எடுத்திருப்பாங்க. கண்ணைச் சிமிட்டியிருப்பாரு. எட்டுல ஒருத்தர் சிமிட்டுவாங்க. திரும்ப எடுக்கணும்னா மிஷின் முதல்ல இருந்து ஆரம்பிக்கும், நாலு நிமிஷம் ஆகும். வரிசையில ஜனம் நிக்கும். அதனால நான் மிஷினுக்கு ஒரு வரி கட்டளை எழுதி வச்சேன். ரெண்டாவது படம் இல்லன்னா வயசைப் பாரு, நாப்பது தாண்டியிருந்தா குழின்னு எடுத்துக்கோன்னு. பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்."

"இவுகளுக்கு?"

"மேடு."

தட்டை நான் இன்னும் கையில் வைத்திருந்தேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "இருந்த குறையை எடுக்கிறதுக்குப் பதிலா, அதே அளவுக்கு இன்னொரு குறையைச் சேத்துருச்சு. ரெண்டு மடங்கு" என்றேன்.

நான் பயந்திருந்த கேள்வியையே பூங்கனி கேட்டார். "இது ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"தீர்ப்புக்கு அப்புறம்தான் பதிவேட்டைப் பாத்தேன்."

"சாட்சி சொல்லுததுக்கு முந்திப் பாக்கலியா?"

பார்க்கவில்லை. இரண்டு பொத்தானைத் தட்டினால் வந்திருக்கும். கண் மங்கல் என்று லிங்கத்தின் வக்கீல் கத்திக்கொண்டிருந்தபோது, மங்கல் நடிப்பாக இருக்கலாம், இல்லையென்றால் விபத்துக்கு அப்புறம் வந்ததாக இருக்கலாம், கருவி பிசகாது என்று நான் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்று சொன்னேன். பார்த்தால் தெரிந்துவிடும் என்பதால்தான் பார்க்கவில்லை. இதை அந்த வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. இங்கே எழுதுகிறேன், அவ்வளவுதான் என் வீரம்.

அப்போது லிங்கம் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "சார் மேல ஒண்ணும் இல்ல. நாந்தான் தெரியுதுன்னு சொன்னேன்."

"நீங்க பேசாம இருங்க" என்றார் பூங்கனி.

"இல்ல, சொல்லிருதேன். முடிஞ்சதும் கேம்புல வேல பாக்குத ஒரு பாப்பா வந்து, தெரியுதா அண்ணாச்சின்னு கேட்டுச்சு. முன்ன இருந்ததவிட மங்கலாத்தான் இருந்துச்சு. பொறத்தால எரநூறு பேரு நிக்காக. காசு ஒண்ணும் வாங்கல. கையில பாதாம்பால் வேற குடுத்திருக்கு. அது மொகத்தப் பாத்து எப்படித் தெரியலன்னு சொல்ல? நல்லாத் தெரியுதும்மான்னு சொல்லிட்டேன். சரி, நாலு நாள்ல தெளிஞ்சிரும்னு நெனச்சேன்."

"தெளியலன்னதும் வந்திருக்கலாமே லிங்கம்."

"பார்வை சரின்னு பச்சை அட்டை குடுத்துட்டாகளே சார். அட்டை வாங்குன டிரைவரு கண்ணாடி போட்டா டூட்டி கெடையாது. ரோடு பழகுன ரோடுதான். எங்க வளைவு, எங்க மேடுன்னு தெரியும். அப்படியே ஓட்டிட்டேன். பெரியவரு வந்தது தெரியல. ரோட்டோரத்து உடைமரம்னு நெனச்சேன். மரம் நகருதேன்னு நெனைக்கும்போது..." அவர் நிறுத்திக்கொண்டார். "தெரியாமப் போச்சு சார். தெரியுதுன்னு பொய் சொன்னது நாந்தானே. நான் உள்ள போறதுதான் சரி."

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்பதைச் சொல்லவே கூசுகிறது. நிம்மதியாக இருந்தது. ஆள் தானாகவே பழியை எடுத்துக்கொள்கிறான், நாம் எழுந்து போய்விடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். சீ.

அந்த "நல்லாத் தெரியுதும்மா"தான் என் ஆராய்ச்சியின் கடைசிப் பக்கம். கண்ணைச் செதுக்கிய பிறகு இன்னொரு படம் எடுத்துச் சரிபார்க்க வேண்டும் என்று முதல் திட்டத்தில் இருந்தது. நேரம் இழுக்கிறது என்று அதை வெட்டிவிட்டு, வாயால் கேட்டு டிக் அடித்தால் போதும் என்று வைத்தோம். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பேர் நன்றாகத் தெரிகிறது என்றார்கள். வெளிநாட்டு மாநாடுகளில் அந்தத் தொண்ணூற்றெட்டைப் பெரிய எழுத்தில் போட்டுக் காட்டிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். நம் ஊர்க்காரர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று எனக்குத் தெரியாதா? சம்பந்தி வீட்டுச் சாம்பாரில் உப்பு இல்லை என்று எவன் இலையில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறான்? இலவசமாகக் கொடுத்தவனிடம் குறை சொல்வது நமக்கு வெட்கம். அந்த வெட்கத்தை நான் அளவீடு என்று எழுதி வைத்தேன்.

அதன் மேல்தான் எங்கள் அறக்கட்டளை 'கண்ணாடி இல்லா மாவட்டம்' என்ற பட்டத்தைக் கட்டி எழுப்பியது. இரண்டே வருடத்தில் பஸ் ஸ்டாண்டு ஆப்டிக்கல்ஸ் கடைகள் எல்லாம் ஜூஸ் கடைகள் ஆகிவிட்டன. கண்ணாடி போட்டவனைப் பார்த்து, போன் பார்த்துப் பார்த்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டான் என்று சிரிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. பொண்ணு பார்க்கப் போன இடத்தில் பச்சை அட்டை உண்டா என்று கேட்டார்கள். யாருக்காவது மங்கலாகத் தெரிந்தால், அவன் அதை மூடி மறைக்காமல் வேறென்ன செய்வான்?

"இதெல்லாம் கோர்ட்ல சொல்லுவீயளா?" என்றார் பூங்கனி.

பதிலைத் தயார்செய்துதான் வந்திருந்தேன். "சொல்லலாம். ஆனா நிக்காது. படங்களை ஒரு வருஷத்துல அழிச்சிருவாங்க. பதிவேட்டுல 'மதிப்பீடு'ன்னு ஒரு வார்த்தைதான் மிச்சம். மதிப்பீடு சரியாத்தான் இருந்துச்சும்பாங்க. இவருக்கு முன்னாடி இருந்த குறை எவ்வளவுன்னு காட்ட, பழைய கண்ணாடிச் சீட்டுக்கூட இல்ல. யாராவது ஒரு ஆளுக்காவது இப்படித் தப்பாப் போச்சுன்னு நிரூபிச்சாத்தான் பேச முடியும். அட்டை வாங்குனவங்க யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க."

சொன்னது அத்தனையும் உண்மை. அதுதான் அதில் கேவலம்.

பூங்கனி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வாசல் கதவை அகலத் திறந்தார். "சார், அந்தா தெரியுதுல்லா தண்ணி டாங்கி, அதுல என்ன எழுதியிருக்கு?"

தொட்டி இருந்தது. அதன் வயிற்றில் நீலமாக ஏதோ இழுவியிருந்தது. "ஊராட்சி பேரா இருக்கும்" என்றேன்.

"இருக்கும்னு கேக்கல. என்ன எழுதியிருக்கு?"

நான் கண்ணை இடுக்கிப் பார்த்தேன்.

"ஒங்களுக்கும் தெரியல, என்ன சார்?" அவர் குரலில் கோபம் இல்லை. "வாசல்ல வரும்போதே நெனச்சேன். செவுத்துல நம்பரு இருக்கு, பாக்காமப் போனீய. எதுத்த வீட்டு அண்ணன இவுகன்னு நெனச்சு வணக்கம் சொன்னீய. இவுகளும் இப்படித்தான். பஸ்ஸு போர்டப் பாக்க மாட்டாக, பக்கத்துல நிக்குறவன்ட்ட 'அது நம்ம பஸ்ஸுதான'ம்பாக, சும்மா பேச்சுக்குக் கேக்குத மாதிரி. தூரத்துல யாரு கை காட்டுனாலும் சிரிச்சு வைப்பாக. ஒரு வருசம் கூடவே கெடந்து நான் கண்டுபிடிக்கல. அந்தப் பெரியவரு போனதுக்கு அப்புறந்தான் ஒவ்வொண்ணா யோசிச்சேன். இனிமே யாரு செஞ்சாலும் எனக்குத் தெரிஞ்சிரும்."

லிங்கம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் நெளிந்த தட்டைப் பார்த்தேன்.

சரி, சொல்லிவிடுகிறேன். இத்தனை நேரம் உங்களிடமும் மறைத்துத்தான் வந்தேன்.

திட்டத்தின் தொடக்க விழாவில் முதல் ஆளாகக் கருவியில் உட்கார்ந்தவன் நான். சொந்தக் கருவியைச் சொந்தக் கண்ணில் சோதித்த விஞ்ஞானி என்று பேப்பரில் வர வேண்டாமா? எனக்கு மைனஸ் ஒன்று, எனக்கும் மேடுதான். இருபது வருடமாகக் கண்ணாடி. மேடையில் இரண்டாவது படம் எடுக்கும் நேரத்தில் பத்து பத்திரிகைக்காரர்கள் ஒரே சமயத்தில் ஃபிளாஷ் அடித்தார்கள். படம் வெளுத்துப்போனது. கருவி வயதைப் பார்த்தது. எனக்கு நாற்பத்தைந்து. நான் எழுதிய வரி எனக்கே வேலை செய்தது.

கண்ணைத் திறந்ததும் முன்வரிசை முகங்கள் எல்லாம் கரைந்து கிடந்தன. ஒருவர் மைக்கை நீட்டினார். "எப்படி இருக்கு டாக்டர்?" பந்தல் முழுக்க ஜனம். என்ன நடந்திருக்கிறது என்று அந்தக் கணமே எனக்குப் புரிந்தது. உலகத்தில் வேறு யாருக்கும் அவ்வளவு சீக்கிரம் புரிந்திருக்காது. இருந்தும், "அருமையாத் தெரியுது" என்றேன். கைதட்டினார்கள். கைகள் தெரியவில்லை, சத்தம் கேட்டது.

மைனஸ் இரண்டு கண்ணாடி ஒன்று பக்கத்து மாநிலத்தில் வாங்கி, காரின் டேஷ்போர்டில் பூட்டி வைத்திருக்கிறேன். ராத்திரி எடுத்துப்போய், கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் டிவி பார்க்க மட்டும் போட்டுக்கொள்வேன். கேம்புகளை நிறுத்தச் சொல்லவில்லை. அந்த வரியையும் எடுக்கவில்லை. திடீரென்று எடுத்தால் ஏன் எடுத்தாய் என்று கேட்பார்களே. தங்கப்பழம் செத்தது அதற்குப் பதினான்கு மாதம் கழித்து.

இதையெல்லாம் அந்த வீட்டில் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

லிங்கம் சுவரை விட்டு நகர்ந்து வந்து, என் கையிலிருந்த தட்டை வாங்கி அலமாரியில் வைத்தார். "காப்பி போடுளா" என்றார் மனைவியிடம்.

பூங்கனி அசையவில்லை. "ஒரு ஆளுக்காவது நிரூபிக்கணும்னு சொன்னீயள்லா சார். அந்த ஆளு இந்தா இருக்கு. ஒங்க படமும் அழிஞ்சு போச்சா?"

அழியவில்லை. அதுதான் வேடிக்கை. 'முதல் கண்' என்று பெயர் எழுதி, அறக்கட்டளை அலுவலக வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். கறுப்புப் பின்னணியில் பூ மாதிரி சிதறிய ஒரு வெளிச்சப் புள்ளி, கீழே தேதி, நேரம். பார்க்கிறவர்கள் அழகாக இருக்கிறது என்பார்கள். இரண்டாவது படம் எங்கே என்று இரண்டு வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை. நான் தினமும் அதைக் கடந்து போனேன்.

அன்றைக்கு நான் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. காப்பி குடித்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டு நாள் என்னோடு நானே மல்லுக்கட்டினேன். வேலை போகும், பட்டங்கள் சிரிப்பாய்ச் சிரிக்கும், பொய்ச்சாட்சி என்று என் மேலேயே வழக்கு வரும். எல்லாவற்றையும்விட, அந்தப் பந்தலில் கைதட்டிய ஜனத்தின் முகத்தில் எப்படி முழிப்பது என்பதுதான் பெரிதாக இருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படி இறங்கினேன். வாட்ச்மேன், "சுத்தம் பண்ணவா சார்?" என்றார். ஆமாம் என்றேன்.

வியாழக்கிழமை அப்பீலில் லிங்கத்தின் வக்கீல் ஜெபராணி, என்னைக் கூடுதல் சாட்சியாக விசாரிக்க அனுமதி வாங்கியிருந்தார். போன தடவை என்னை எதிர்த்துத் தொண்டை கிழியப் பேசியவர். இந்த முறை மெதுவாகத்தான் கேட்டார். பழைய கண்ணாடிச் சீட்டைக் கொடுத்தேன், மைனஸ் ஒன்று. அரசு மருத்துவர் முந்தின நாள் எழுதிய சீட்டைக் கொடுத்தேன், மைனஸ் இரண்டு. அச்சுப் பிசகாமல் இரண்டு மடங்கு. சட்டம் போட்ட படத்தை நீதிபதியின் மேஜையில் வைத்தார்கள். குழி, மேடு எல்லாம் விளக்கினேன். அறக்கட்டளையின் பச்சை அட்டையும் என் பையில் இருந்தது, பார்வை மிகச் சரி என்று என் பெயரில். அதையும் கொடுத்தேன்.

"டாக்டர், எதிர்ச் சுவர்ல ஒரு கடிகாரம் இருக்கு. மணி என்ன?" என்றார் ஜெபராணி.

வெள்ளையாக ஒரு வட்டம் தெரிந்தது. முள் இல்லாத வட்டம். கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம், இரண்டு வருடமாக அப்படித்தானே சமாளித்தேன். பின்னால் பெஞ்சுகளில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். வாய் பழக்கத்தில் வேறு எதையோ சொல்லப் பார்த்தது.

"தெரியலைங்க" என்றேன்.

நீதிபதி பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கண்ணாடி வச்சிருக்கீங்களா?"

"இருக்குங்க ஐயா."

"போட்டுக்கிட்டுச் சொல்லுங்க."

பையிலிருந்து எடுத்துப் போட்டேன். இரண்டு வருடத்தில் வெளியிடத்தில் போட்டது அதுதான் முதல் தடவை. கடிகாரத்துக்கு முன்னால் எதிரிக் கூண்டு கண்ணில் பட்டது. போன விசாரணையில் நான் லிங்கத்துக்கு எதிராகச் சாட்சி சொன்னபோது அங்கே ஒரு காக்கிக் கறைதான் நின்றது. இப்போது முகம் இருந்தது. எனக்காக வெட்கப்படுகிறவர் போல லிங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

அவருக்குப் பின்னால், கடைசிப் பெஞ்சின் ஓரத்தில், வெறும் நெற்றியோடு ஒரு வயதான அம்மாள் உட்கார்ந்திருந்தார். மடியில் தங்கப்பழத்தின் போட்டோ. போன கோர்ட்டிலும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து இதேபோல் கடைசியில் உட்கார்ந்திருந்தாராம். எனக்குத் தெரிந்ததே இல்லை. அவர் என்னை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும் போலிருந்தது. கழற்றவில்லை.

"மணி என்னன்னு சொல்லுங்க" என்றார் நீதிபதி.

"பதினொண்ணு இருபது, ஐயா" என்றேன்.